கழன்ற அம்பு

பிளானோ, டெக்ஸாஸ்
8 ஜூன் 2025

மாப்பிள்ளை செழியனுக்கு,

பதினேழு முறை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. பிளாக் பண்ணியிருக்கிறாய் என்று ஆபீஸில் எல்லாம் தெரிந்த ஒருவன் சொன்னான். சொந்த அக்கா புருஷனை பிளாக் பண்ணும் அளவுக்கு ஃப்ரீமான்ட்காரர் பெரிய ஆளாகிவிட்டார். ஆனால் வீட்டு வாசலுக்கு வரும் பார்சலை பிளாக் பண்ண முடியாதல்லவா? அதனால்தான் இந்தப் பெட்டிக்குள் கடிதம் வைக்கிறேன். கோயமுத்தூர் ஹாஸ்டலை விட்டபிறகு தமிழில் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. விரல் வலிக்கிறது. அந்தக் கோபத்தையும் உன் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

விஷயம் இதுதான். கொலராடோ குலுக்கலில் நம் இருவருக்கும் எல்க் மான் வேட்டை லைசென்ஸ் விழுந்துவிட்டது. நம் மலையிலேயே குலுக்கலில் மட்டும் கிடைக்கும் பகுதிக்காக ஆறு வருஷம் பாயிண்ட் சேர்த்துக் காத்திருந்தது. ஏப்ரலில் சேர்ந்து விண்ணப்பிக்க உன் வேட்டைப் பதிவு நம்பரை அக்காவிடம் கொடுத்தது நீதான். வர இஷ்டமில்லாதவன் அதை எதற்குக் கொடுத்தாய்? செப்டம்பர் ஆறாம் தேதி மலை ஏற வேண்டும். வேண்டாமென்றால் ஆகஸ்ட் ஐந்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்.

போன செப்டம்பரில் நடந்ததற்குக் காரணம் உன் பழைய குவிவர்தான். வில்லோடு மாட்டும் அம்புக்கூடு என்றால் அம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும். உன்னுடையதில் ரப்பர் தொளதொளவென்று ஆகிவிட்டது. நீ எய்யும்போது பக்கத்தில் ஒரு அம்பு கழன்று ஆடியது. இருபத்திரண்டு கஜத்தில் அசையாமல் நின்ற மானுக்கு அம்பு வயிற்றில் போய்ப் பட்டது. இரண்டு நாள் ரத்தத்தைத் தேடி நடந்தும் மான் கிடைக்கவில்லை.

இடுப்பில் கட்டும் குவிவர் மலைக்கு ஆகாது, முதுகுப்பையின் பட்டையில் இடிக்கும். முதுகில் மாட்டுவது சினிமாவுக்குத்தான் அழகு. வில்லில் மாட்டுவதே சரி. கடையில் மூன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்து, அசையாத ஒன்றை அனுப்பியிருக்கிறேன். மேலே அம்பு முனைகளை மூடும் தொப்பி ஆழமானது, கீழே இரண்டு வரிசை ரப்பர் பிடி. பழையதைக் குப்பையில் போடு.

கிட்டுசாமி


ஃப்ரீமான்ட், கலிபோர்னியா
17 ஜூன் 2025

மாமாவுக்கு,

குவிவரை அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன். வீம்புக்காக இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான். இது வில்லை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி நிற்கிறது. ஐந்து அம்பு போட்டால் வில் வலப்பக்கம் சாய்கிறது. மலை முகட்டில் காற்று அடித்தால் அம்பின் இறகுகளையெல்லாம் சேர்த்துத் தள்ளும். ஃப்ரீஸரில் பரோட்டா பாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். வில்லிலிருந்து கழற்றும் நெம்புகோல் கீச்சென்று கத்துகிறது. செப்டம்பர் காலைக் குளிரில் இந்தச் சத்தம் கேட்டால் எந்த மான் நிற்கும்? உதறிப் பார்த்து வாங்குவதற்கு இது முறுக்கு டப்பா இல்லை.

நான் ஏன் பேசவில்லை என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? அல்லது தெரியாத மாதிரி எழுதுகிறீர்களா?

தீபாவளிக்கு உங்கள் வீட்டில் எண்பது பேர். கஸ்தூரிரங்கன் அங்கிள் மலைக் கதையைக் கேட்டார். கையில் தட்டோடு நடு ஹாலில் நின்று நீங்கள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என்ற மச்சினன் ஒரு அவசரக்குடுக்கைங்க. கொஞ்சம் பொறுடான்னா கேக்கோணுமல்லொ? படக்குனு உட்டுப்போட்டான். பாவம் அந்த மான்." எண்பது பேரும் சிரித்தார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் என் மகள் ஓவியா, பன்னிரண்டு வயசு, கேட்டாள்: "அப்பா, டிட் யூ பேனிக்?"

நான் பதறவில்லை மாமா. நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எய்யலாமா என்று எனக்கே தயக்கமாகத்தான் இருந்தது. பின்னால் நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் எய்யச் சொன்னீர்கள், நான் எய்தேன். சொல்லிவிட்டு எண்பது பேர் முன்னால் பழியை என் தலையில் போட்டுவிட்டு, இப்போது குவிவர் மேல் போடுகிறீர்கள்.

மலையிலிருந்து இறங்கியபிறகு நான் நாணை இழுக்கவே இல்லை. ஒன்பது மாதம். என் கை மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. அந்த மான் வயிற்றில் அம்போடு எங்கே போய்ப் படுத்தது என்று யோசித்தால் சாப்பாடு இறங்குவதில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன்.

செழியன்


பிளானோ
24 ஜூன் 2025

செழியனுக்கு,

நான் எய்யச் சொன்னேனா? என் வாயால்? வேண்டாம் என்று சொன்ன மனுஷன் மேலேயே இப்படி ஒரு பழியா?

நான் சொன்னது என்ன? "உடு மாப்ள, உடு." இரண்டு தரம் சொன்னேன். விட்டுவிடு, வேண்டாம் என்றேன். கடையில் பேரம் படியாவிட்டால் உன் அக்கா என்ன சொல்கிறாள்? "உடுங்க, போலாம்." சண்டைக்குப் போகிறவனை எப்படி இழுக்கிறோம்? "உடுறா, உடு." அதே உடுதான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு அர்த்தம் நான் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லியும் எய்தவனை அவசரக்குடுக்கை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், நான் பொய் சொல்லவில்லை.

வேறு குவிவர் அனுப்புகிறேன். இது வில்லை ஒட்டியே நிற்கும், நெம்புகோல் இல்லை, திருகாணிதான். இதையும் ஃப்ரீஸரில் வைத்துக் குளிப்பாட்டு.

கிட்டுசாமி


ஃப்ரீமான்ட்
3 ஜூலை 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு காரிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மௌரி அவென்யூ கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பினேன்.

உடு. நாணைக் காது வரைக்கும் இழுத்து வைத்திருப்பவன் காதில் "உடு" என்றால் அவன் அம்பை விடுவானா, ஆசையை விடுவானா? அம்பு விடுவது என்றுதானே ஊரில் எல்லோரும் சொல்கிறோம்? நீங்களே தீபாவளியன்று "உட்டுப்போட்டான்" என்றுதானே சொன்னீர்கள்? ஒரு மானின் உயிர் இந்த ஒரு வார்த்தையில் போயிருக்கிறது. நாம் இருவரும் ஒன்பது மாதமாக ஆளுக்கொரு அர்த்தத்தைக் கட்டிக்கொண்டு எரிந்திருக்கிறோம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள்?

மான் பக்கவாட்டில் நின்றது. முன்னால் கிளை இல்லை, பின்னால் வேறு மான் இல்லை. காற்று நம் முகத்தில் அடித்தது. அதைவிட நல்ல சந்தர்ப்பம் நமக்கு ஒன்பது வருஷத்தில் வாய்த்ததில்லை. அப்படியும் வேண்டாம் என்றால் நீங்கள் எதையோ பார்த்திருக்கிறீர்கள். அதை இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய குவிவரைப் பரணிலிருந்து எடுத்தேன். தொளதொள என்றீர்களே, அந்த ரப்பரில் ஐந்து அம்பையும் அழுத்தி வைத்தேன். தலைகீழாகத் தொங்கவிட்டேன், தரையில் தட்டினேன், மாடிப்படியில் வில்லோடு தடதடவென்று இறங்கினேன். வில்லில் மாட்டியபடியே வெறும் மண் மூட்டையில் இருபது அம்பு வேறொருவரை எய்யச் சொன்னேன். ஒரு அம்பும் அசையவில்லை. அந்தக் குவிவரில் ஒரு குறையும் இல்லை மாமா. அம்பு தானாகக் கழலவில்லை. யாரோ எடுத்துவிட்டு, பிடியில் அழுத்தாமல் வைத்திருக்கிறார்கள்.

தொப்பியின் உள்பக்கம், கத்தி முனைகள் குத்தி நிற்கும் பஞ்சில், ஒரு கடுகு இருந்தது. பக்கத்தில் பொடியாக நறுக்கின கறிவேப்பிலைத் துண்டு, கொஞ்சம் ரவை. நான் மலையில் ஓட்ஸ் மட்டும்தான் சாப்பிடுவேன். அந்தக் கடுகை ஒரு தாளில் மடித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அன்று காலை என் அம்பை எடுத்தது யார்?

செழியன்

பி.கு. இரண்டாவது குவிவரையும் திருப்பி அனுப்புகிறேன். நல்ல குவிவர்தான். எனக்குத் தேவையில்லை.


பிளானோ
11 ஜூலை 2025

செழியனுக்கு,

கடுகாம், தாளில் மடித்தானாம். நான் உன் அக்கா புருஷனா, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற திருடனா? உன் பரணில் என்னென்ன பூச்சி என்னென்னத்தைக் கொண்டுவந்து வைத்ததோ, எனக்கென்ன தெரியும்? மில்பிடாஸில் சிப் சோதிக்கிற வேலையை வீட்டிலும் செய்ய ஆரம்பித்துவிட்டாய்.

வருவதானால் வா. இல்லாவிட்டால் போ.

கிட்டுசாமி


பிளானோ
20 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

நீ பதில் எழுதும் முன்னே நானே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை டைனிங் டேபிளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தால் உன் அக்கா அந்தத் தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கருவேப்பலைய இப்புடி கத்தரிக்கோல்ல நறுக்கிப் போடறது நான் மட்டுந்தானுங்க. இது மலைக்கு நான் வறுத்துக் கட்டிக் குடுத்த உப்புமா. இது எப்புடி அவன் அம்புக்கூட்டுக்குள்ள போச்சு?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கலாவதி குரலை உயர்த்தாவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

அன்று விடியற்காலை நீ ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். எனக்குப் பசி. என் கத்தி பைக்குள் அடியில் எங்கேயோ கிடந்தது. குளிரில் விரல் மடங்கவில்லை, உப்புமா பாக்கெட் கிழிபடவில்லை. உன் வில் பாறையில் சாய்ந்திருந்தது. அம்பு முனையைவிடக் கூர்மையான கத்தி எது? ஒன்றை உருவி, பாக்கெட்டைக் கிழித்துவிட்டு, கையுறையோடு திரும்பச் செருகினேன். முனை தொப்பிக்குள் போனது. கீழே ரப்பரில் அழுந்தியதா என்று பார்க்கவில்லை. அவசரக்குடுக்கை நான்தான்.

நீ நாணை இழுத்தபோது நான் பின்னால் மண்டி போட்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒரு அம்பின் வால் பிடியை விட்டு நாண் போகும் வழியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த நொடியே தெரிந்தது, நான் வைத்த அம்பு. "நில்லு" என்று சொல்லியிருக்கலாம், "இரு" என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாயில் "உடு" என்றுதான் வந்தது. நாண் அந்த அம்பின் இறகில் தட்டியது. உன் அம்பு திரும்பியது. உன் கை திரும்பவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீ ரத்தம் பட்ட இலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாய். நான் குனிந்து அடுத்த ரத்தத்துளியைத் தேடினேன். உன் கைதான் தவறிவிட்டது என்று நீ நம்பினாய். நீ நம்பியது எனக்குச் சௌகரியமாக இருந்தது. தீபாவளியன்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தபோது உன்னைப் பலிகொடுத்து நான் தப்பித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். ரப்பர் தொளதொள என்று எழுதியதும் பொய்தான்.

நேற்று ருக்மிணி ஆன்டி வீட்டில் விருந்து. அதே கூட்டம். நடு ஹாலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், உப்புமா உட்பட. பாதிப் பேருக்குத் தீபாவளிக் கதையே ஞாபகம் இல்லை. கஸ்தூரிரங்கன், "எந்த மான் சார்?" என்றார். நீ ஒன்பது மாதம் சாப்பிடாமல் கிடந்த விஷயம் அவர்களுக்கு அன்றே ஜீரணமாகிவிட்டிருக்கிறது. அதுவும் எனக்கு எரிச்சலாக வந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், மானுக்கு என்ன ஆனது என்பது வரைக்கும். யாரும் சிரிக்கவில்லை.

உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. நீயாவது பேசு. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்காதே. மலைக்கு வா, அங்கே என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

கிட்டுசாமி


ஃப்ரீமான்ட்
28 ஜூலை 2025

மாமாவுக்கு,

கடிதம் வந்த அன்றே வில்லை எடுத்துக்கொண்டு அம்பு எய்யும் மைதானத்துக்குப் போனேன். பழைய குவிவரை மாட்டிக்கொண்டுதான். பத்து மாதம் இழுக்காத தோள் வலித்தது. இருபத்திரண்டு கஜத்தில் ஐந்து அம்பு. ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் நின்றன. அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

ஒரு பாக்கெட்டைக் கிழித்ததற்கு எனக்குக் கோபமில்லை. யாரும் செய்யும் தப்பு. "உடு" என்றதற்கும் கோபமில்லை. ஆனால் நான் இரண்டு நாள் அந்தப் புதர்களுக்குள் முழங்காலில் ஊர்ந்து தேடினேன். ஒவ்வொரு அடியிலும் என் கையைச் சபித்தேன். பக்கத்திலேயே நடந்து வந்தீர்களே மாமா. என் தோளில் தட்டி, "உடு மாப்ள, ஆனது ஆச்சு" என்று சொன்னீர்களே. அதை எப்படிச் சொல்ல முடிந்தது உங்களால்?

ஓவியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஸோ இட் வாஸ்ன்ட் யூ" என்றாள். பிறகு, "தென் வை டிட் மாமா லெட் யூ க்ரை?" என்று கேட்டாள்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. செப்டம்பர் ஆறாம் தேதி மலை ஏறுகிறேன். நீங்கள் வர வேண்டாம். எனக்குப் பின்னால் நிற்கும் ஆள் மேல் நம்பிக்கை இல்லாமல் என்னால் நாணை இழுக்க முடியாது. இது தண்டனை இல்லை, நிலைமை அப்படி. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

தனியாகப் போகிறேன் என்று அக்கா பயப்படுகிறாள். போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவி வாங்கிவிட்டேன். தினம் மாலை ஆறு மணிக்கு அக்காவுக்குச் செய்தி அனுப்புவேன். அக்காவுக்கு மட்டும்.

செழியன்


பிளானோ
4 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு,

வராதே என்று என்னைச் சொல்ல நீ யார் என்று முதலில் கத்தினேன். வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன், பிறகு நானே எடுத்து நீவி மறுபடி படித்தேன். நீ கோபத்தில் எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிதானமாக எழுதிவிட்டாய்.

இன்று காலை லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டனை அழுத்த அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்தப் பெட்டியில் குவிவர் இல்லை, பயப்படாதே. நம் பழைய வரைபடம் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் இடங்களைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறேன். மேற்குச் சரிவில் மதியத்துக்கு மேல் இடி விழும், இரண்டு மணிக்குள் மரங்கள் வளரும் எல்லைக்குக் கீழே இறங்கிவிடு. இதையெல்லாம் நீ சொல்லாமலே செய்வாய். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ என் மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் இடி அதைப் பார்க்காது.

ஆறு மணிச் செய்தியை அக்காவுக்கே அனுப்பு. எனக்கு வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். அவள் எனக்குப் படித்துச் சொல்லவும் மாட்டாள், இப்போது உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் தினம் ஆறு மணிக்கு நான் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். போனைப் பார்த்ததும் அவள் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

ஒரு நாளும் தவறாமல் அனுப்பு.

கிட்டுசாமி